கையெழுத்துப் போட்ட கடைசித் தாள்

கட்சி ஆபீஸில் வேலை பார்க்கிறவள் என்பதால் இவளுக்கு அரசியல் அத்துப்படி என்று தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். தண்ணீர் வரவில்லை என்றாலும் இவளிடம்தான் கேட்பார்கள், மந்திரிசபை கவிழுமா என்றாலும் இவளிடம்தான் கேட்பார்கள். பாவம், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தாளில் எத்தனை வரி அடங்கும் என்பதுதான். இருபத்து நாலு வருஷமாக அந்தக் கட்டடத்தில், மாடிப்படி திரும்புகிற இடத்தில் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்து, தலைவர் சொல்லச் சொல்ல அடித்துக்கொடுத்தாள். முதலில் டைப்ரைட்டர், பிறகு கம்ப்யூட்டர். மெஷின் மாறியதே தவிர நாற்காலி மாறவில்லை. பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் ‘டைப்பு அக்கா’. அவளைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேன்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். கொஞ்ச நாள் கோபப்பட்டுப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

தலைவருக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஏற்பாடு இருந்தது. மனுஷன் காலில் சக்கரம் கட்டிக்கொண்டவர், மாதத்தில் இருபது நாள் வெளியூர். அவர் ஊரில் இல்லை என்று கடிதங்கள் காத்திருக்குமா? ஆகவே ஊரில் இருக்கும்போதே கட்சியின் லெட்டர்பேடில் பத்துப் பன்னிரண்டு வெற்றுத் தாளை எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்தைப் போட்டு அவளிடம் கொடுத்துவிடுவார். அவள் அவற்றை ஒரு பச்சை ஃபைலில் வைத்து, பீரோவில் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொள்வாள். எந்த ஊரிலிருந்தாவது போன் வரும். அவர் சொல்வார், இவள் அடிப்பாள். அடித்ததைத் திரும்ப ஒரு முறை வாசித்துக் காட்டுவாள். மறுமுனையில் ‘ம்’ என்று ஒரு சத்தம் வரவேண்டும். அந்த ‘ம்’ வராமல் ஒரு தாள்கூட அறையை விட்டு வெளியே போனதில்லை. ஒரு தடவை ரயில் சத்தத்தில் அது காதில் விழவில்லை என்று மறுநாள் சாயங்காலம் வரைக்கும் கடிதத்தை அனுப்பாமல் வைத்திருந்தாள். தலைவர் வந்து திட்டோ திட்டென்று திட்டினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“கட்சியில எல்லாரும், நான் சொன்னேன்னு சொல்லி நான் சொல்லாததைச் செய்வாங்க. நீ ஒருத்திதான்மா நான் சொன்னதையே செய்ய மாட்டேங்கிறே.”

அவருக்கு இன்னொரு கண்டிப்பும் உண்டு. தேதி. தேதி போடாத கடிதத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் கிழித்துப் போட்டுவிடுவார். அதனால் அவள் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. உட்கார்ந்ததும் விரல்கள் முதலில் அன்றைய தேதியை அடித்துவிடும். விஷயம் என்ன என்று மூளை யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவளுக்கு என்று இருந்தது ஒரே ஒரு தம்பி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம், ‘பையனை எங்கே விடப்போறீங்க?’ என்று கேட்டார்கள். கேட்டவர்களை வாசலோடு அனுப்பினாள். தியாகம் கியாகம் என்று யாராவது வாயைத் திறந்தால் அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். “அவனை வேற யாரு பாத்துக்குவா? அவ்வளவுதான் விஷயம், ஆளை விடுங்க” என்பாள்.

தம்பி வளர்ந்து, குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கும் வேலையில் சேர்ந்தான். வீடு வீடாகப் போய் வந்ததில், எந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். யாருக்கு என்ன மனு என்றாலும் தானே எழுதிக் கொடுத்து, கூடவே போய் நிற்பான். இது தலைவர் காதுக்குப் போயிற்று. வேட்பாளர் பட்டியல் சொல்ல உட்கார்ந்த அன்று, பதினாறாவது தொகுதி வந்ததும் அவன் பெயரைச் சொன்னார். அவள் விரல் நின்றுவிட்டது.

“என்னம்மா, எழுத்து மறந்துபோச்சா?” என்றார் தலைவர்.

அன்று அவள் வீட்டுக்கு நடந்துபோகவில்லை, பறந்துதான் போனாள்.

அரசாங்க வேலையில் இருப்பவன் தேர்தலில் நிற்க முடியாது. தம்பி வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அவன் பெண்டாட்டி மூன்று நாள் இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாவது நாள் வந்து நின்றாள்.

“அண்ணி, ரெண்டு புள்ளைங்க இருக்கு. இவரு ஜெயிப்பாரு தோப்பாரு, அது அப்புறம். நாளைக்குச் சீட்டு இல்லேன்னு சொல்லிட மாட்டாங்களே?”

“நான் அந்த ஆபீஸ்லதானே உக்காந்திருக்கேன். என்னை மீறி என்ன ஆயிடும்?” என்றாள் டைப்பு அக்கா. அப்படி ஒரு தைரியம்!

பட்டியல் பேப்பரில் வந்த ஏழாம் நாள் தலைவர் குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் முழுக்கச் செயலிழந்துவிட்டது. பேச்சும் போயிற்று. தனக்கு அடுத்து யார் என்பதை அவர் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. சொன்னால் அன்றைக்கே தன்னை ஓரம் கட்டிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தால் இப்போது பட்டியலில் இருந்த நாற்பது வேட்பாளர்களின் குடும்பங்கள் அந்தரத்தில் தொங்கின.

ஒரு பக்கம் தலைவரின் மகள். பல் டாக்டர், நேற்றுவரை கட்சிக் கூட்டத்துக்கு வந்தால் பின்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவள். இன்னொரு பக்கம் துணைத்தலைவர், முப்பது வருஷமாகத் தலைவருக்கு முன்னால் உட்காராமலேயே கால் வீங்கிப்போனவர். மகளின் ஆட்கள் கீழ் ஹாலைப் பிடித்துக்கொண்டார்கள். துணைத்தலைவரின் ஆட்கள் மாடியைப் பிடித்துக்கொண்டார்கள். நடுப்படியில் டைப்பு அக்கா. கீழேயிருந்து ஒருவர் வந்து, மகளைத் ‘தற்காலிகத் தலைவர்’ என்று போட்டு ஓர் அறிக்கை அடிக்கச் சொல்வார். அவர் படி இறங்குவதற்குள் மேலேயிருந்து இன்னொருவர் வந்து, துணைத்தலைவருக்கு அதே மாதிரி ஒன்று கேட்பார். அவள் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவாள். ‘பிரமாதமா இருக்கு அக்கா’ என்று இரண்டு பேருமே பாராட்டிவிட்டுப் போனார்கள்.

சிரிப்பதற்கு இது நன்றாக இருக்கும். ஆனால் வேட்பாளருக்குக் கட்சியின் குடைச் சின்னம் கிடைக்கவேண்டும் என்றால், அவருக்கென்று தனியாகத் தலைவர் கையெழுத்திட்ட அங்கீகாரக் கடிதம் வேண்டும். யார் தலைவர்? நான்தான் என்று இரண்டு பேரும் தேர்தல் அலுவலகத்துக்கு எழுதினார்கள். அலுவலகம் யோசித்துவிட்டு ஒரே பதிலை இரண்டு பேருக்கும் அனுப்பியது. உங்கள் சண்டை தீரும் வரை, எங்கள் பதிவில் இருக்கும் பழைய தலைவரின் கையெழுத்து மட்டுமே செல்லும். அந்தப் பழைய தலைவரின் வலது கையோ போர்வைக்கு மேலே அசையாமல் கிடந்தது.

நாற்பது வேட்பாளர்களும் ஆபீஸ் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்கள். வசதி இருந்தவர்கள் சுயேச்சையாக நிற்கப் போய்விட்டார்கள். தம்பிக்கு அது கட்டுப்படியாகாது. அவன் முகத்தைத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் என்றால், குடையைத் தெரிந்தவர்கள் லட்சம் பேர். சின்னம் இல்லையென்றால் அவன் கதை அத்தோடு முடிந்தது. வேலையும் திரும்பி வராது. அவன் படிக்கட்டில் உட்கார்ந்து, மீட்டர் பார்க்கப் போகும்போது போடும் அதே செருப்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தால் மட்டும், “ஒண்ணும் ஆகாதுல்லக்கா?” என்பான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை.

பச்சை ஃபைலில் ஒரு தாள் மிச்சம் இருந்தது.

அவளைத் தவிர யாருக்கும் அது தெரியாது. தெரிந்தால் விட்டுவைப்பார்களா? ‘எனக்குப் பின் இன்னார்’ என்று ஒரு வரி அடித்துக்கொண்டால் போதும், கட்சியே கைக்கு வந்துவிடும். தலைவர் விழுந்ததிலிருந்து பன்னிரண்டு நாளும் அந்தச் சாவியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள். கீழே இருப்பவர்கள் தும்மினாலும் அவள் கை பைக்குள் போகும். தாள் தன்னுடையது என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் ‘ம்’ சொல்லாமல் அதைத் தொட அவளுக்கு உரிமை இல்லை. ஆனால் பதினாறாவது தொகுதிக்குத் தம்பி பெயரைச் சொன்னது அவர்தானே? அவர் வாயால் சொன்னதுதானே? இந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை, சாப்பிடவிடவில்லை.

மனுத்தாக்கலின் கடைசி நாள் வந்தது. மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். காலை எட்டு மணிக்கே அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றாள். பேச முடியாவிட்டாலும் கண்ணையாவது சிமிட்டுவார் அல்லவா? அவர் காதருகே விஷயத்தைச் சொல்லி, ஒரு சிமிட்டலை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்கு.

வார்டு வாசலில் மகளும் துணைத்தலைவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். இவளுக்கு ஆச்சரியம். பன்னிரண்டு நாளில் அவர்களை ஒன்றாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மகளின் முகம் வீங்கியிருந்தது.

“ரெண்டே நிமிஷம்மா. பாத்துட்டு வந்துடறேன். நான் பேசக்கூட மாட்டேன்” என்றாள் டைப்பு அக்கா.

“அப்பா தூங்கறாரு அக்கா. யாரையும் விட வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“கதவுகிட்ட நின்னுக்கறேனே.”

துணைத்தலைவர் அவள் தோளைத் தொட்டுத் திருப்பினார். “ஆபீஸுக்குப் போம்மா. இன்னிக்கு வேலை நிறைய இருக்கும். சாயங்காலம் வா, பாக்கலாம்.”

ராசியாகிவிட்டார்கள் போலிருக்கிறது, இனி எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நினைத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தாள். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. ஒரு தகவலும் இல்லை. கீழ் ஹாலில் யாரும் இல்லை. மேல் ஹாலிலும் யாரும் இல்லை. பன்னிரண்டரைக்குத் தம்பி அறை வாசலில் வந்து நின்றான்.

“அவ்வளவுதானாக்கா?”

அவன் அழுதிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அழவில்லை. ஒன்பது வயதில், ‘அம்மா எப்ப வருவாங்க’ என்று கேட்டபோது இருந்த அதே குரல்.

“கதவைச் சாத்து” என்றாள்.

தாளை எடுத்தாள். ஒரே தாள், பிழை விழுந்தால் போனதுதான். கையெழுத்துக்கு மேலே பதினேழு வரி அடங்கும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். இருந்தும் வெறும் தாளில் முதலில் அடித்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடம். சரியாக இருந்தது. பிரிண்டரில் அந்தத் தாளை வைத்துவிட்டு, பட்டனை அழுத்தும்போது, “ஐயா, நீங்க சொன்னதுதான், நீங்க சொன்னதுதான்” என்று முணுமுணுத்தாள். பிரிண்டர் ஒரு தடவை திக்கியது. தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் தாள் சுத்தமாக வெளியே வந்தது. அவன் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, தாள் எப்படிக் கிடைத்தது என்பது முதல் எல்லாவற்றையும் அவன் காதில் சொன்னாள். அவனிடம் மறைத்து அவளுக்குப் பழக்கம் இல்லை. “நீ தெய்வம்க்கா” என்றான் அவன். “ரோட்டைப் பாத்து ஓட்டு” என்றாள் அவள்.

தேர்தல் அதிகாரி கெட்டவர் இல்லை. கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். கடிதத்தை வாங்கினார், பதிவில் இருந்த கையெழுத்தோடு வைத்துப் பார்த்தார். அசல் கையெழுத்து, ஒரு சுழி பிசகவில்லை. சீலை எடுக்கக் கை நீட்டினார். அப்போதுதான் எதிர்க்கட்சி வேட்பாளரின் வக்கீல் எழுந்தார்.

“சார், தேதியைப் பாருங்க. இன்னிக்குத் தேதி. பன்னெண்டு நாளா அவங்க தலைவர் கை கால் வராம படுத்திருக்காரு. இன்னிக்கு எப்படிக் கையெழுத்துப் போட்டாரு?”

தேதி! பட்டியல் வந்த அன்றைய தேதியைப் போட்டிருந்தால் ஒரு பிள்ளையும் வாயைத் திறந்திருக்க முடியாது. ஜன்னலில் வைத்து வரியைப் பார்த்தாள், இடத்தைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள். தேதியைப் பார்க்கவே இல்லை. அது அவள் அடித்தது இல்லை, விரல் அடித்தது. இருபத்து நாலு வருஷப் பழக்கம் குழி தோண்டி வைத்துவிட்டது.

“இதை யார் தட்டச்சு செஞ்சது?” என்றார் அதிகாரி.

“நான்தான் சார்.”

“இன்னிக்குத்தான் கையெழுத்துப் போட்டாரா?”

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்திரண்டு. இல்லை, எப்போதோ வெற்றுத் தாளில் போட்டது என்று சொன்னால் கடிதம் குப்பைக்குப் போகும். தம்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு முன்னால் அவள் என்றைக்கு எதை மறுத்திருக்கிறாள்?

“ஆமா சார். இன்னிக்குத்தான்.”

“நீங்க பாத்தீங்களா?”

“பக்கத்துலதான் இருந்தேன். இடது கையால பேடைப் பிடிச்சுக்கிட்டாரு, வலது கையை நான் தாங்கிப் பிடிச்சேன். மெதுவாப் போட்டாரு.” ஒரு பொய் வந்ததும் அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது. அவளுக்கே தன் வாயைக் கண்டு பயமாக இருந்தது.

“எழுதிக் கொடுங்க” என்றார் அதிகாரி. “எந்த இடம், எத்தனை மணி, எல்லாம் போட்டு.”

எழுதினாள். எட்டு மணி என்று போட்டாள். எட்டு மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருந்தது உண்மை, வாசல் கேமராவிலும் பதிந்திருக்கும். அந்த நெருக்கடியிலும் எவ்வளவு சாமர்த்தியமாக யோசித்துவிட்டோம் என்று ஒரு கணம் அவளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. அடியில் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி சீலைக் குத்தினார். நாற்பது தொகுதியில் ஒரே ஒருவனுக்குக் குடை கிடைத்தது.

வெளியே வந்ததும் தம்பி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வீட்டுக்குப் போன் போட்டான். “அழாதடி, கிடைச்சுடுச்சு. எல்லாம் அக்காதான்” என்று அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே அவள் எதிரே இருந்த டீக்கடைக்குள் போய் உட்கார்ந்தாள். இரண்டு டீ சொன்னாள். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய், ஐயா காலைப் பிடித்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். திட்டமாட்டார். அவர் சொன்ன பெயர்தானே.

மூன்று இருபதுக்கு டீக்கடை டிவியில் மகளும் துணைத்தலைவரும் ஒன்றாக உட்கார்ந்திருப்பதைக் காட்டினார்கள். துணைத்தலைவர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். தலைவர் இன்று அதிகாலை ஐந்து இருபதுக்குக் காலமானார். தொண்டர்கள் கலங்கி மனுத்தாக்கல் தடைப்படக் கூடாது என்பதற்காக இருவரும் சேர்ந்து இந்தத் துயரச் செய்தியை மூன்று மணி வரை மனதிலேயே பூட்டி வைத்திருந்தோம். கட்சியை இனி இருவரும் ஒற்றுமையாக நடத்துவோம்.

கடையில் யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

தூங்குகிறார் என்றார்களே. எட்டு மணிக்கு அவர் இல்லை. அவர் போய் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். இருபத்து நாலு வருஷம் அவர் குரலைக் காதில் வாங்கியவளுக்கு அவர் செத்துப்போனதைச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஓ என்று அழவேண்டும் போல இருந்தது. அழுகை வரவில்லை. அதற்கு முன்னால் பயம் வந்துவிட்டது. இந்த நேரத்திலும் தன்னைப் பற்றித்தான் பயப்படுகிறோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தம்பிக்கு மெதுவாகத்தான் உறைத்தது. போனை அணைத்துவிட்டு டிவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அக்கா, நீ எட்டு மணின்னுதானே எழுதினே?”

அவள் தலையை ஆட்டினாள்.

“செத்தவரு எப்படிக்கா கையெழுத்துப் போடுவாரு?”

அதற்குள் தேர்தல் அலுவலகத்துப் பியூன் சாலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். பின்னால் வாசலில் அந்த வக்கீலும் ஒரு போலீஸ்காரரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“அம்மா, அதிகாரி ஐயா உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு” என்றார் பியூன். தம்பியைப் பார்த்து, “நீங்களும் வந்துருங்க சார்” என்றார்.

“ரெண்டே நிமிஷம்” என்று அவள் சொன்னாள். பியூன் நல்ல மனிதர், கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

தம்பி அவள் பக்கம் குனிந்தான். அவன் வாயிலிருந்து டீ வாசனை வந்தது. “அக்கா,” என்றான். “எனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லலாமா? ரெண்டு புள்ளைங்க இருக்குக்கா.”

அவனுக்காக அதைச் சொல்லத்தான் அவளே வாயைத் திறந்திருந்தாள். அவன் முந்திக்கொண்டான்.

“ஆமாடா. உனக்கு ஒண்ணும் தெரியாது. ஐயா கொடுத்தாருன்னு பொய் சொல்லி நான்தான் உன் கையில கொடுத்தேன். அப்படியே சொல்லு. மாத்திச் சொல்லிடாதே.”

“சரிக்கா” என்றான்.

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வேண்டாம்க்கா, சேர்ந்தே போய்ச் சொல்லிடலாம் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று கொஞ்ச நேரம் நின்றாள். அவன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பியூன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சாலையைத் தனியாகக் கடந்தாள்.